தாய்மாமன் கப்பல் துறையில் நின்றான்

அக்கா மகளின் காதுகுத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். மரக்காணம் பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்தில் அக்காவின் மாமியார் வீட்டுச் சனம் மொத்தமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்பா, அம்மா, உப்பளத்தில் அப்பாவோடு வேலை செய்கிற நாலைந்து பேர். காது குத்துகிற பத்தர் வந்திருந்தார். மேளக்காரர்கள், சமையல்காரர்கள், மொய் எழுதுகிறவர், அதை மைக்கில் வாசிக்கிறவர் எல்லோரும் இருந்தார்கள். பல வருடமாக எங்களோடு பேச்சு இல்லாத பெரியப்பா மகன்கூட இருந்தான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் சித்தப்பா. இன்னொருவன் நான். குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் கிரேக்க நாட்டில், ஒரு சின்னத் தீவின் கப்பல் துறையில், மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தோம். இதை ஊரில் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். "கிரீஸ்ல கப்பல்ல சுத்துனியாமே, மச்சக்காரன்டா நீ" என்கிறார்கள். சிரிக்கிறவன் முகத்தில் அறையலாம் போல இருக்கும். சுத்தவில்லை. இட்லி அவிக்கப் போனோம்.

குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அதை நடத்துவது ஒரு வெள்ளைக்காரம்மா. எங்களுக்கு மேடம். சித்தப்பா இருபது வருடம் மரக்காணத்தில் உப்பு வாரியவர். கால் பாதம் வெடித்து இனிமேல் அளத்தில் இறங்க முடியாது என்று ஆனபிறகு அங்கே வாட்ச்மேனாகப் போனார். ஒருநாள் சமையல்காரர் வராதபோது அடுப்படியில் நுழைந்தவர், பிறகு வெளியே வரவே இல்லை. நான் எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன். திண்டிவனத்தில் பி.காம். படித்துவிட்டு அந்தக் கெஸ்ட் ஹவுஸிலேயே ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். மேடம் ஒவ்வொரு கோடையிலும் கிரேக்கத் தீவுகளில் வெள்ளைக்காரர்களுக்கு யோகா முகாம் போடுவார். காலையில் யோகா, மத்தியானம் தமிழ்ச் சாப்பாடு, சாயந்திரம் கடல். அந்த வருடம் சமைக்கச் சித்தப்பாவையும், பரிமாறவும் இங்கிலீஷ் பேசவும் என்னையும் கூட்டிப்போனார்.

விசாவில் நாங்கள் சுற்றுலாப் பயணிகள். வேலை என்று அதில் எங்கேயும் இல்லை. நான் கேட்டேன். படித்தவன் இல்லையா, கேட்காமல் இருக்க முடியவில்லை. மேடம் என் தோளில் கை வைத்து, "யாராவது கேட்டால் நண்பர்கள் என்று சொல். நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வாயைக் கட்டிவிட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. குடும்பத்தில் ஒருவன் போலீசிடமோ தொழிலாளர் ஆபீசிலோ போய் என்ன சொல்ல முடியும்?

முகாம் மூன்று தீவுகளில். முதலில் பாரோஸ், பிறகு நக்ஸோஸ், கடைசியாகச் சித்தப்பா வாயில் கடைசிவரை நுழையாத பெயருடைய ஒரு சின்னத் தீவு. தீவிலிருந்து தீவுக்குப் போக இரண்டு வகைக் கப்பல் உண்டு. ஒன்று வேகக் கப்பல், ஏசி பஸ் மாதிரி மூடிய கூடு, டிக்கெட் விலை அதிகம். மேடமும் விருந்தாளிகளும் அதில் போவார்கள். இன்னொன்று பெரிய கப்பல். வயிற்றுக்குள் லாரிகளும் கார்களும் ஏறும், மேலே மனிதர்கள். நாங்கள் அதில், சாமான்களோடு. கிரைண்டர், இட்லிக் குண்டான், தோசைக்கல், அரிசி மூட்டை, புளி, மிளகாய், எல்லாம்.

கப்பல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொட்டைத் தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். கிழவிகள் அட்டைப் பெட்டியில் தக்காளிச் செடி கொண்டு போவார்கள். பட்டாளத்துப் பையன்கள் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குவார்கள். ஒரு பாதிரியார் நாள் முழுக்க ஐஸ் காப்பி உறிஞ்சிக்கொண்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டு வந்தார். சித்தப்பா கைப்பிடிக் கம்பியில் காய்ந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்ல உப்புடா. இவ்ளோ வெயில் அடிக்குது, இவ்ளோ காத்து அடிக்குது, ஒருத்தனும் பாத்தி கட்டல பாரு. சோம்பேறிப் பசங்க" என்றார். மரக்காணத்தையே கொண்டுவந்து அங்கே இறக்கிவிடுவார் போலிருந்தது.

இறங்குவதுதான் கொடுமை. கப்பல் துறையில் சரியாக நிற்பதற்கு முன்பே பின்பக்கத்து இரும்புக் கதவு கீழே சரிய ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னாலேயே எல்லோரும் லாரிப் புகைக்குள் வந்து நிற்க வேண்டும். கதவு தரையைத் தொட்டதும் கப்பல் ஆள் ஒருத்தன் விசில் ஊதுவான். ஐந்து நிமிடம் இருக்குமோ என்னவோ, அவ்வளவுதான், மறுபடி கதவைத் தூக்கிவிடுவார்கள். நக்ஸோஸில் நாங்கள் இரண்டு பேரும் மூன்று நடை ஓடினோம். கிரைண்டரைச் சித்தப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைசி அரிசி மூட்டை உள்ளே இருக்கும்போது கதவு எழும்ப ஆரம்பித்தது. சித்தப்பா அடித்தொண்டையில் கத்தினார்: "டேய்! நிறுத்துடா! அரிசி உள்ள இருக்குதுடா!"

தமிழ் தெரியாத அந்த விசில்காரனுக்கு அது புரிந்தது. ஒரு லாரி டிரைவர் இறங்கி மூட்டையைத் தூக்கி எங்கள் பக்கம் எறிந்தார். மூட்டை வாய் பிய்ந்து துறையெல்லாம் பொன்னி அரிசி. வேகக் கப்பலில் முன்னாலேயே வந்து சேர்ந்து, குடைக்கடியில் ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த மேடம் எழுந்து வந்தார். மூட்டையைப் பிடிக்க வரவில்லை. "தயவுசெய்து கத்த வேண்டாம், எல்லோரும் நம்மைப் பார்க்கிறார்கள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் குத்துக்காலிட்டு அரிசியை அள்ளினோம்.

காதுகுத்துத் தேதி மேடத்துக்கு நன்றாகத் தெரியும். ஆவணியில் ஒரு முகூர்த்தம். இந்தப் பயணத்துக்காகவே ஒருமுறை தள்ளிப்போட்டுக் குறித்த தேதி அது. அக்கா மாமியார் அதற்கே முகம் சுளித்தார். "மாமன் துட்டு சம்பாரிக்கப் போறாருன்னு எங்க கொழந்த காத மூடி வச்சிக்கினு இருக்கணுமா?" என்று கேட்டார். அதனால் கிளம்பும் முன்பே மேடத்திடம் சொன்னேன். அக்கா கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை, அந்த ஆறு வருடமும் அந்த வீட்டில் அவள் கேட்காத பேச்சு இல்லை, அன்றைக்கு அவள் பிறந்த வீட்டு ஆள் தலை நிமிர்ந்து சீர்த்தட்டோடு நிற்க வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். மேடம் கண் கலங்கினார். அவரே டிக்கெட் போட்டார். சின்னத் தீவிலிருந்து மத்தியானக் கப்பல், பிரேயுஸ் துறைமுகம், அங்கிருந்து ஏதென்ஸ் போய் விமானம். காதுகுத்துக்கு முந்தின நாள் காலையில் சென்னை. "பர்ஃபெக்ட்" என்றார்.

கப்பலுக்கு இரண்டு நாள் முன்னால் விருந்தாளிகள் திடீரென்று பெட்டி கட்டினார்கள். முகாம் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "ஏதென்ஸில் மியூசியம் பார்க்க ஆசைப்படுகிறார்கள்" என்றார் மேடம். அவரும் அவர்களோடு வேகக் கப்பலில் போனார். எங்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். சமையலறையைக் கழுவித் துடைத்து, வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, அட்வான்ஸ் திரும்பி வருகிற மாதிரி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு எங்கள் கப்பலில் நாங்கள் வர வேண்டும்.

அவர்கள் போன மறுநாள் சாயந்திரம் காற்று எடுத்தது. வடக்கே இருந்து வந்தது. நான் கோதுமை ரொட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். டிக்கெட் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருப்பார். "இன்று ராத்திரி ஒரு கப்பல் போகிறது. அதில் போய்விடுங்கள். நாளைக்கு இல்லை" என்றார். கையை ஆட்டி ஆட்டிக் காற்று என்று காட்டினார்.

மேடத்துக்குப் போன் செய்தேன். "அவன் டிக்கெட் விற்கப் பார்க்கிறான். நீங்கள் போவது பெரிய கப்பல், அது எந்தக் காற்றிலும் போகும். கிச்சன் முடிந்ததா?" என்றார். முடியவில்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்றார்.

சித்தப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் வாசலில் இறங்கி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். ஒரு பஞ்சு மேகம் இல்லை. கண்ணாடியைத் துடைத்து வைத்தது போல வானம். "இன்னாடா புயலு? வாடக்காத்து அடிச்சா மேகம் வரணும், மழ வரணும். இது வெறுங்காத்து. இந்தக் காத்து நம்ம அளத்துல அடிச்சிருந்தா மூணு நாள்ல உப்பு வாரிடலாம். உப்பு வெளையற காத்துக்குக் கப்பல் நிக்குமா? அந்தம்மா சொல்றதுதான் சரி" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இதை வெளியாட்களுக்கு விளங்க வைப்பது கஷ்டம். கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் காற்று தெரியாதா என்பார்கள். மீன்பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். நாங்கள் உப்பளத்துக்காரர்கள். கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு, அதன் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்துப் பாத்தியில் அசையாமல் உட்கார வைக்கிற சனம். எங்களுக்கு எதிரி மேகம் மட்டும்தான். ஒரு தூறல் விழுந்தால் பத்து நாள் உழைப்பு கரைந்து போகும். வெயிலோடு வருகிற காற்று எங்களுக்குச் சோறு. நீல வானத்தைப் பார்த்து எங்கள் வம்சத்தில் ஒருவரும் பயந்ததில்லை. அந்தத் தீவுகளிலோ கோடையில் நீல வானத்தோடு வருகிற அந்த வடகாற்றுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்கு அவர்கள் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் மத்தியானம் சாமான்களோடு துறைக்குப் போனால் கப்பல் இல்லை. கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை. மேசை நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு கடலோரக் காவல்காரர் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டிவிட்டுப் போனார். தடை. எந்தக் கப்பலும் கிளம்பக் கூடாது. தலைக்கு மேலே வெயில் பளீரென்று அடித்தது.

சித்தப்பா நம்பவில்லை. "கறுப்பனுங்கன்னு ஏமாத்துறானுங்கடா. வெயில் அடிக்கும்போது எவனாச்சும் கப்பல நிறுத்துவானா?" என்று டிக்கெட் கடைக்குள் நுழைந்து மேசையைத் தட்டினார். நானும் இங்கிலீஷில் கத்தினேன். டிக்கெட் கடைக்காரர் கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"உங்கள் முதலாளியம்மா மூன்று நாளைக்கு முன்னால் இங்கேதான் வந்தார். காற்று வரப்போகிறது என்று அவரே தன் போனில் எனக்குக் காட்டினார். பதினாலு பேருக்கு டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக் கொடுத்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் மாற்றவா என்று கேட்டேன். வேண்டாம், அவர்களுக்கு வேலை இருக்கிறது என்றார்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். சித்தப்பா மேசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "மூசியம் பாக்கப் போனாங்களா" என்று மட்டும் சொன்னார்.

போனில் மேடத்தைப் பிடித்தேன். தெரிந்தே விட்டுப்போனீர்களா என்று கேட்டேன். "காற்று யார் கையிலும் இல்லை. முதலில் மூச்சை இழுத்து விடு" என்றார். என் அக்கா என்று ஆரம்பித்தேன். "எனக்குப் புரிகிறது, மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் வீடியோ காலில் எல்லாமே பார்க்கலாமே?" என்றார். போனைக் கடலில் எறியாமல் இருந்ததற்குக் காரணம், அது இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்த போன்.

அப்பாவுக்குச் சொன்னேன். அவர், "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு அம்மா சொல்லித் தெரியும். அப்பா பிரம்மதேசம் போய் இரண்டு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அக்கா மாமியார், "மாமன் கப்பல்ல ஊர் சுத்துறாரு, நாங்க போட்ட பந்தலப் பிரிக்கணுமா? ஒங்க வம்சத்துல வேற ஆம்பளையே இல்லியா?" என்றாராம். இருந்தான். பெரியப்பா மகன். உப்பளத்துக் கால்வாயில் எங்கள் முறைத் தண்ணீரை அடைத்துவிட்டு, கேட்கப் போன அப்பாவை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தவன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

அப்பா அவன் வீட்டுக்குப் போனார். அவன் உள்ளே கூப்பிடவில்லை. முறை சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை.

"இன்னா, வழி தெரிஞ்சிதா?" என்றானாம்.

"கொழந்தைக்குக் காது குத்தணும். நீதான் வந்து உக்காரணும்."

"படிச்சவரு எங்க? பிளேன்ல போனவரு?"

அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உக்கார்றேன். ஆனா சீரு என் பேருல இருக்கணும். மைக்குல தாய்மாமன்னு என் பேரத்தான் சொல்லணும். அதுக்கு ஒத்துக்கினா வர்றேன்."

அப்பா ஒத்துக்கொண்டார். மண்வெட்டிக்கு முன்னால் நின்ற மனிதர், அந்த வாசலில் தலையாட்டினார்.

காதுகுத்து அன்று எங்களுக்கு விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. துறையில் ஒரு சுவரோரம் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தோம். அம்மா போனைப் பிடித்திருந்தார். நாங்கள் பணம் போட்டு வாங்கிய பட்டுப் பாவாடை, வெள்ளித் தட்டு, பழம், பூ, கம்மல் எல்லாம் வரிசையாகப் போனது. மைக்கில் பெரியப்பா மகன் பேர் கணீரென்று கேட்டது. தாய்மாமன் சீர் என்று மூன்று தடவை வாசித்தார்கள். அவன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். குழந்தை அவன் மடியில் இருக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டது. முன்பின் பார்த்திராத முகம். பத்தர் ஊசியை எடுத்தார். அக்கா அப்போது போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் "அக்கா" என்றேன். எங்கள் பக்கத்துக் காற்று அந்தப் போனில் பேய் மாதிரி அலறியிருக்க வேண்டும். மாமியார் குரல் கேட்டது: "அந்த கருமத்த அணைங்க மொதல்ல, கொழந்த பயப்புடுது."

போன் அணைந்தது. குழந்தை அழுத சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

சித்தப்பா பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அன்னிக்கு அரிசி மூட்டைய எறக்கி உட ஒரு டிரைவராச்சும் வந்தான். நம்மள அந்தம்மா மூட்டையாக்கூட மதிக்காம உட்டுட்டுப் போயிட்டா" என்றார். பிறகு கடலைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். வாழ்க்கையில் என் முன்னால் அவர் சொன்ன முதல் கெட்ட வார்த்தை.

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டதால் அன்று ராத்திரி வாடகைக்கு ஓர் அறை எடுத்தோம். மறுநாள் காற்று தணிந்து கப்பல் வந்தது. விமானம் எப்போதோ போய்விட்டிருந்தது. பெரிய முதலியார்சாவடியில் டிராவல்ஸ் வைத்திருக்கிற பாய்க்குப் போன் செய்தேன். கல்ஃப் போகிற பையன்களுக்கெல்லாம் டிக்கெட் போடுகிறவர். "தம்பி, ஏர்போர்ட்ல அழுதுகினு நிக்காதே. நான் போட்டுடறேன், நீ மெதுவா குடு. ஊர் வந்து சேரு, இன்ஷா அல்லாஹ்" என்றார். எங்களைக் குடும்பம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

திரும்பி வந்ததும் குயிலாப்பாளையம் போனேன். மேடம் மூலிகை டீ கொடுத்தார். குடிக்கவில்லை. விமான டிக்கெட் பணத்தைக் கேட்டேன். இயற்கைச் சீற்றத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்றார். டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றியது இயற்கையா, நீங்களா என்று கேட்டேன். முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது. வீட்டுக்காரர் சாவி தாமதமாக வந்தது என்று அட்வான்ஸில் பிடித்துவிட்டார், அதையும் எங்கள் சம்பளத்தில்தான் கழிக்க வேண்டியிருக்கிறது என்றார். கப்பல் இல்லாததால் நாங்கள் அந்த வீட்டில் கூடுதலாகத் தங்கிய இரண்டு நாளுக்கு. ஒரே குடும்பம்.

அன்றே நின்றுவிட்டேன். சித்தப்பா நிற்கவில்லை. "நீ படிச்சவன், எங்க போனாலும் பொழச்சிக்குவ. நான் எங்கடா போறது, மறுபடி அளத்துக்கா?" என்றார். அவர் இன்றைக்கும் அங்கே தோசை ஊற்றுகிறார். நான் அவரைப் பார்க்க அந்தக் கேட்டுக்குள் போவதில்லை, ரோட்டில் நின்று போன் செய்வேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

அக்கா ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. பிரம்மதேசத்துக்குப் போனபோது அவள் உள்ளேயே இருந்தாள். மாமியார்தான் வெளியே வந்தார். "மடியில வச்சது ஒருத்தன், கூடப்பொறந்தது ஒருத்தன். நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு மாமன் யாருன்னு ஊர் கேக்கும். நீ தனியா ஒரு சீர் வச்சிடு, முறை கழிஞ்சிடும். இல்லன்னா இனிமே அவன்தான் இந்த வீட்டுக்கு மாமன்" என்றார். அக்கா வாசல்படிக்கு வந்து நின்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அரைப் பவுனில் இன்னொரு ஜோடிக் கம்மல், இன்னொரு பாவாடை, இன்னொரு தட்டு. இந்தத் தடவை மைக் இல்லை.

பாய்க்குக் கடனை அடைத்து முடிக்க எனக்கு இந்த வருடம் பொங்கல் வரை ஆயிற்று. புது விமான டிக்கெட் இரண்டு, தீவில் எடுத்த அறை, மேடம் சம்பளத்தில் பிடித்தது, பெரியப்பா மகன் பேரில் வாசித்த சீர், என் பேரில் மறுபடி வைத்த சீர். எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம் ரூபாய்.